ஊசியால் எழுதிய வரலாறு

ஓர் இனத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் நாடுவன ஏடுகளும் கல்வெட்டுகளுமே. அரசர் வெட்டி வைத்த கல், அலுவலர் எழுதி வைத்த குறிப்பு, புலவர் பாடி வைத்த பாட்டு எனச் சான்றுகள் பல நமக்கு உண்டு. ஆனால் எழுத்தே இல்லாத மக்கள் என்ன செய்வர்? தங்கள் துயரங்களையும் இடப்பெயர்ச்சிகளையும் அவர்கள் எங்கே வைத்துக் காப்பர்? இவ்வினாவுக்கு விடையாக ஒரு மக்கள் கூட்டம் சீனத்தின் தென்மேற்கு மலைகளில் வாழ்ந்து வருகிறது. மியாவோ என்பது சீனர் அவர்களுக்கு இட்ட பெயர். அவர்களுடைய ஊர்களுக்குச் செல்வதும், அவர்கள் மலைகளைக் கண்டு வியப்பதும், அவர்கள் உணவைச் சுவைப்பதும் இன்று எளிதாகிவிட்டன. எனினும் கண்ணுக்கினிய அக்காட்சிகளுக்குப் பின்னால் நிற்கும் வரலாற்றை அறியாமல் திரும்புவோமானால், வேடிக்கை பார்த்து வந்தவர்களாகவே இருப்போம். விருந்தினராய்ச் சென்றவர்கள் ஆகமாட்டோம்.

மலையும் மக்களும்

குய்சோ மாகாணத்தைப் பற்றிச் சீனத்தில் ஒரு பழமொழி வழங்குகிறது. அங்கே மூன்று நாள் தொடர்ந்து வெயில் இராது. மூன்று கல் தொலைவு சமநிலம் இராது. எவர் மடியிலும் மூன்று காசு இராது என்பது அதன் கருத்து. மாகாணத்தின் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் மலையும் குன்றுமே. சுண்ணாம்புப் பாறைகள் மழைநீரில் கரைந்து கூரிய சிகரங்களாகவும் குகைகளாகவும் மாறி நிற்கின்றன. அதன் தலைநகரான குய்யாங்கிலிருந்து கிழக்கே காய்லி நகருக்கு மலைப்பாதையில் செல்வது முன்பு நெடும் பயணமாக இருந்தது. 2015-ஆம் ஆண்டில் அதிவேக இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின், ஒரு மணி நேரத்திற்குள் சென்று இறங்கிவிடுகிறோம். 1956-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சியான்தோங்நான் மியாவோ, தோங் தன்னாட்சிப் பகுதியின் தலைநகரம் காய்லி. அதன் தெற்கே 2,178 மீட்டர் உயரமுள்ள லெய்கோங் மலை முகில் சூழ நிற்கிறது. இடியின் தலைவனுடைய மலை என்பது அப்பெயரின் பொருள்.

2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சீனத்தில் மியாவோ எனப் பதிவானவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர். ஆனால் மியாவோ என்னும் ஒற்றைப் பெயருக்குள் பல மக்கள் அடங்கியுள்ளனர். குய்சோவின் கிழக்கே வாழ்வோர் தம்மை ஹ்மு என்பர். ஹூனான் எல்லையில் வாழ்வோர் சோங் என்பர். மேற்கே வாழ்வோரும், வியத்நாம், லாவோஸ் மலைகளுக்குப் பெயர்ந்தோரும் ஹ்மோங் என்பர். வடமேற்கு மூலையில் ஆ-ஹ்மாவ் என்னும் பிரிவினர் உள்ளனர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. சீன அலுவலரோ இவர்களைப் பெண்களின் பாவாடை நிறம் கொண்டு கறுப்பு மியாவோ, சிவப்பு மியாவோ, வெள்ளை மியாவோ, பூ மியாவோ என வகுத்தனர். ஆட்சிக்குப் பணிந்து வரி செலுத்தியவர்கள் 'வெந்த' மியாவோ. பணியாமல் மலையில் வாழ்ந்தவர்கள் 'வேகாத' மியாவோ. மனிதரை அடுப்பிலேற்றிய பண்டம் போலப் பிரித்துப் பேசிய இச்சொற்களிலேயே ஆள்வோரின் மனப்பான்மை தெரிகிறது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அலுவலரின் பயனுக்கென வரையப்பட்ட மியாவோ படத்தொகுப்புகள் பல இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றில் மியாவோ மக்கள் உழுகின்றனர், ஆடுகின்றனர், நெய்கின்றனர். ஆனால் ஓரிடத்திலும் அவர்கள் பேசவில்லை.

வீடும் வண்ணத்துப்பூச்சித் தாயும்

லெய்ஷான் வட்டத்திலுள்ள சிஜியாங், மியாவோ ஊர்களுள் மிகப் பெரியது என்று பெயர் பெற்றது. அடுத்தடுத்து அமைந்த பல சிற்றூர்கள் வளர்ந்து ஒன்றாகி, ஓர் ஆற்றின் இருபுறச் சரிவுகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரவீடுகளாய் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன. சரிவான நிலத்தில் முன்புறம் மரத்தூண்களை ஊன்றி, பின்புறத்தை மலையோடு சேர்த்து இவ்வீடுகளை எழுப்புகின்றனர். கீழ்த்தளம் கால்நடைக்கும் ஏர் முதலிய கருவிகளுக்கும், நடுத்தளம் மனிதருக்கும், மேல்தளம் தானியத்திற்கும் உரியவை. ஆணியின்றி, துளையும் முளையும் பொருத்தி மரங்களை இணைக்கும் தச்சர்கள் வரைபடத்தைத் தங்கள் தலைக்குள்ளேயே வைத்திருக்கின்றனர். நடுத்தளத்தின் முகப்பில் வளைந்த சாய்வு கொண்ட நீள் இருக்கை ஒன்று உண்டு. வெளிச்சம் நன்கு விழும் அவ்விடத்தில் அமர்ந்துதான் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தையல் வேலை செய்து வந்துள்ளனர்.

நல்ல சமநிலத்தில் வீடு கட்டாமல் செங்குத்தான சரிவில் ஏன் கட்டினர் என்று நாம் கேட்கலாம். கிடைத்த சிறிதளவு சமநிலமும் நெல்லுக்கு வேண்டியிருந்தது என்பதே விடை. மலையைப் படிப்படியாய் வெட்டி நீர் தேக்கிய வயல்களில் நெல்லோடு கெண்டை மீனையும் வளர்க்கின்றனர். மீன் களையையும் பூச்சியையும் தின்கிறது. அதன் கழிவு பயிருக்கு உரமாகிறது. அறுவடைக் காலத்தில் சோறும் குழம்பும் ஒரே வயலிலிருந்து கிடைக்கின்றன.

ஊர் எல்லைகளில் நறும்பிசின் தரும் பழமையான மரங்களை வெட்டாமல் பேணுகின்றனர். மேப்பிளை ஒத்த இலைகளையுடைய அம்மரத்தின் உள்ளிருந்து வண்ணத்துப்பூச்சித் தாய் பிறந்தாள் என்பது கிழக்கு மியாவோ மக்களின் தொன்மம். நீர்க்குமிழியை மணந்து அவள் ஈன்ற பன்னிரண்டு முட்டைகளிலிருந்து முதல் மனிதனும், இடியும், நாகமும், புலியும், எருமையும், யானையும் தோன்றினவாம். ஆகவே மனிதனும் இடியும் எருமையும் உடன்பிறப்புகள். இக்கதையை எழுதி வைக்க அவர்களிடம் ஏடு இல்லை; பெண்களின் சட்டைக் கையில் வண்ணத்துப்பூச்சி இருக்கிறது.

உப்பில்லா நாட்டின் புளிப்பு

மியாவோ விருந்தில் முதலிடம் பெறுவது புளிச்சாற்று மீன். அரிசி களைந்த நீரை மண்சாடியில் ஊற்றிப் பல நாள் புளிக்க வைத்தால் வெள்ளைப் புளிச்சாறு. சிறு தக்காளியையும் மிளகாயையும் புளிக்க வைத்தால் சிவப்புப் புளிச்சாறு. கொதிக்கும் அச்சாற்றில் வயல் மீனை இட்டு, மலையில் விளையும் ஒரு நறுமணக் காயின் எண்ணெய் சில துளிகள் சேர்த்து, அடுப்பைச் சுற்றி எல்லாரும் அமர்ந்து உண்கின்றனர். மூன்று நாள் புளிப்பு உண்ணாவிட்டால் நடக்கும்போது கால் தடுமாறும் என்பது அவ்வூரார் வேடிக்கையாய்ச் சொல்லும் சொல்.

இச்சுவைக்குப் பின்னால் ஓர் இல்லாமை உண்டு. குய்சோவில் உப்பு விளைவதில்லை. சிச்சுவானிலிருந்து ஆற்று வழியாகவும், சுமைதூக்குவோர் முதுகிலும் மலை ஏறி வந்த உப்பு ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. உணவைக் கெடாமல் காக்கவும், வாய்க்குச் சுவை தரவும் புளிப்பே துணையாயிற்று. பிறகு மிளகாய் வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியக் கப்பல்களின் வழியே ஆசியாவுக்கு வந்த அதே மிளகாய்தான் நம் அடுக்களைகளிலும் மிளகின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நமக்கு அது மிளகுக்கு மாற்று. அவர்களுக்கோ உப்புக்கு மாற்று. அவ்வூர் மியாவோ மக்கள் உப்புக்குப் பதிலாக மிளகாயைப் பயன்படுத்துகின்றனர் என்னும் செய்தி 1721-ஆம் ஆண்டைச் சேர்ந்த குய்சோ வட்டாரக் குறிப்பேடு ஒன்றிலேயே காணப்படுகிறது. வறுமையின் கைவேலை விருந்தினரின் நாவுக்கு இன்று அருஞ்சுவையாகிவிட்டது.

எரிந்த ஊர்கள்

இந்த மலைகளின் அமைதியைக் காணும் ஒருவர், இங்கே எத்துணைக் குருதி சிந்தியது என்பதை எளிதில் எண்ணிப் பார்க்க மாட்டார். மிங் பேரரசு ஹூனான் எல்லையில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளத்திற்கு எல்லைச் சுவரும் காவற்கோட்டைகளும் எழுப்பி, பணியாத மியாவோ மக்களைப் பிரித்து வைக்க முயன்றது. பின்வந்த சிங் பேரரசுக்கு அப்பிரிவினை போதவில்லை. 1720-களில் யோங்செங் பேரரசரின் ஆளுநர் ஒர்தாய், உள்ளூர்த் தலைவர்களின் ஆட்சியை நீக்கிப் பேரரசின் அலுவலர்களை அமர்த்தும் கொள்கையைத் தீவிரமாக நடத்தினார். எவர் ஆட்சிக்கும் உட்படாதிருந்த லெய்கோங் மலைப் பகுதிக்குள்ளும் படை புகுந்தது. வரியும் ஊழியமும் பின்தொடர்ந்தன.

1735-இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அது அடக்கப்பட்டது. எவ்வாறு அடக்கப்பட்டது என்பதை வென்றவர்களின் பதிவே கூறுகிறது: அழிக்கப்பட்ட ஊர்கள் 1,224; மன்னித்து விடப்பட்டவை 388; களத்தில் வெட்டுண்டவர்கள் 17,000-க்கு மேற்பட்டோர். 1795-இல் ஹூனான் எல்லையில் மீண்டும் எழுச்சி ஏற்பட்டது. 1854-இல் தாய்ஜியாங் பகுதியைச் சேர்ந்த சாங் சியூமெய் என்பவரின் தலைமையில் தொடங்கிய மூன்றாவது பெரும் எழுச்சி 1873 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. வரிச்சுமையும், நிலத்தை இழந்த ஏழ்மையும், வட்டிக்கடனும் அதன் காரணங்கள். 1872-இல் சாங் சியூமெய் பிடிபட்டு, சாங்ஷா நகரில் கொல்லப்பட்டார். காய்லிக்கு அருகிலுள்ள லாங்தே என்னும் அழகிய சிற்றூரில் நாம் காணும் பழைய வீடுகளுள் ஒன்று, அந்த எழுச்சியின் தளபதிகளுள் ஒருவரான யாங் தாலியூவுக்கு உரியது. மதுக்கிண்ணம் ஏந்தி நம்மை வரவேற்கும் ஊர், தோற்றுப்போன ஒரு படையின் தளபதியை ஈன்ற ஊர்.

ஒவ்வோர் அழிவுக்குப் பின்னும் எஞ்சியவர்கள் இன்னும் உயரமான மலைக்கு, இன்னும் தெற்கே நகர்ந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் ஹ்மோங் மக்களுட் பலர் வியத்நாமுக்கும் லாவோசுக்கும் பெயர்ந்தது இவ்வாறே. அவர்களின் வழிவந்தோருள் பல்லாயிரவர், 1975-இல் லாவோசில் ஆட்சி மாறியபின், அகதிகளாய் அமெரிக்காவின் கலிபோர்னியா, மினசோட்டா மாநிலங்களுக்குச் சென்று சேர்ந்தனர்.

துணியே ஏடு

எங்களுக்கும் ஒரு காலத்தில் எழுத்து இருந்தது என்பர் மியாவோ முதியோர். எதிரிகளிடமிருந்து தப்பி ஆற்றைக் கடந்தபோது நூல் நீரில் போயிற்று என்பர் சிலர். பசியால் அதை வேகவைத்து உண்டுவிட்டோம் என்பர் வேறு சிலர். இழந்த எழுத்தைப் பெண்கள் ஊசியால் துணியில் எழுதினார்கள் என்று அக்கதை முடிகிறது. மடிப்புப் பாவாடையின் ஓரத்தில் ஓடும் பட்டைக் கோடுகளைக் காட்டி, இது மஞ்சள் ஆறு, இது யாங்ட்சி ஆறு, நம் முன்னோர் கடந்து வந்தவை என்று தாய் மகளுக்குச் சொல்கிறாள். மேலாடையின் முதுகுப்புறச் சதுரங்கள், விட்டு வந்த வயல்களும் நகரங்களும் ஆகும். பழஞ்சீன நூல்கள் கூறும் மூன்று மியாவோ குலத்தாரே இவர்களின் முன்னோர் என உறுதிசெய்ய அறிஞர்களால் இயலவில்லை. எனினும், இழந்த சமவெளியை நாள்தோறும் உடலில் அணிந்து நடக்கும் நினைவின் வலிமையை எவரும் மறுக்க இயலாது.

இக்கலையின் உழைப்பும் எளிதன்று. உருக்கிய தேன்மெழுகைச் செப்புக் கத்தியால் தொட்டு வெண்துணியில் கோலமிடுவர்; துணியை அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்த்து உலர்த்துவர்; பின்பு கொதிநீரில் மெழுகைக் கரைத்தால், நீல வானில் வெண்மேகம் போல் உருவங்கள் வெளிப்படும். திருவிழா உடை ஒன்றை முடிக்கச் சில ஆண்டுகளும் ஆகும். அதன்மீது அணியும் வெள்ளி அணிகள் பல கிலோ எடையுள்ளவை. சிங்ஷுய் ஆற்றில் மரக்கட்டைகள் மிதந்து யாங்ட்சி நோக்கிச் சென்ற காலத்தில், விலையாக வந்த வெள்ளிக்காசுகளை உருக்கி இவற்றைச் செய்தனர். பிறர் பேழையில் பூட்டிவைக்கும் செல்வத்தை, அடிக்கடி ஓட நேர்ந்த இம்மக்கள் மகளின் தலையிலும் கழுத்திலும் வைத்தனர்.

சீன நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 15-ஆம் நாள் தாய்ஜியாங் பகுதியில் தமக்கையர் சோற்று விழா தொடங்கும். இலைகளாலும் மலர்களாலும் பல நிறம் ஏற்றிய ஒட்டரிசிச் சோற்றைக் கன்னியர், கேட்டு வரும் இளைஞருக்குக் கைக்குட்டையில் மடித்துத் தருவர். உள்ளே ஒரு சோடி உணவுக்குச்சி இருந்தால் இசைவு. பைன் ஊசியிலை இருந்தால் தையலூசியும் நூலும் வாங்கி வா என்று பொருள். மிளகாயோ பூண்டோ இருந்தால் வேறிடம் பார்த்துக்கொள் என்று பொருள். எழுத்தில்லாத ஊரில் சோற்றுக்குள்ளும் மடல் எழுதினர்.

திரும்பி வந்த நூல்

1904-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஆ-ஹ்மாவ் பிரிவினர் நால்வர் பல நாள் நடந்து யுன்னானின் சாவ்தோங் நகருக்கு வந்தனர். தங்களுக்கு எழுத்தும் நூலும் கற்றுத் தருமாறு அங்கிருந்த ஆங்கிலேய மெதடிஸ்ட் மறைப்பணியாளர் சாமுவேல் பொல்லார்டிடம் வேண்டினர். பின்னர்ப் பலர் கூட்டம் கூட்டமாய் வந்தனர். நிலக்கிழார்களின் குடியானவர்களாய், படிக்கத் தெரியாத பத்திரங்களால் கட்டுண்டு கிடந்த அம்மக்களுக்கு நூல் என்பது விடுதலையின் மறுபெயர். பொல்லார்டு குய்சோ மலையுச்சியிலுள்ள ஷீமென்கான் என்னும் ஊரில் 1905-இல் கோவிலும் பள்ளியும் அமைத்தார். மியாவோ, சீன உடன்பணியாளரின் துணையோடு அம்மொழிக்கென்றே ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். ஆற்றில் தொலைந்த நூல் திரும்பி வந்துவிட்டது என்று அம்மக்கள் மகிழ்ந்தனர். 1907-இல் பகைவர்களால் உயிர் போகுமளவு அடிபட்டும் அவர் அவர்களை விட்டு நீங்கவில்லை. 1915-இல் காய்ச்சலில் கிடந்த மாணவர்களைப் பேணி, தாமும் அந்நோய் கண்டு அங்கேயே இறந்தார். அவ்வெழுத்தில் புதிய ஏற்பாடு 1917-இல் வெளிவந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் பணியாளர்களும் இவ்வரலாற்றில் இடம் பெறுகின்றனர். பாரிசு மறைப்பணிச் சபையின் தந்தை சவினா, தொங்கின், லாவோஸ் மலைகளில் ஹ்மோங் மக்களோடு வாழ்ந்து, 1924-இல் அவர்களின் வரலாற்றைப் பிரெஞ்சு மொழியில் நூலாக வெளியிட்டார். அவர்களின் வெள்ளப் பெருக்குக் கதைகளைக் கேட்டு, அவர்கள் மேற்காசியாவிலிருந்து வந்தவர்கள் என அவர் கொண்ட கருத்தை இன்று அறிஞர் ஏற்பதில்லை. ஆயினும் பிறர் வெறும் காட்டு மக்கள் என ஒதுக்கியவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு என்று சொன்னவர் அவர். அமலமரி தியாகிகள் சபையின் தந்தை இவ் பெர்த்ரே, புரொட்டஸ்டன்ட் மொழியறிஞர் இருவரோடு சேர்ந்து 1950-களின் தொடக்கத்தில் லாவோசில் ஹ்மோங் மொழிக்கு உரோமன் எழுத்து முறையை வகுத்தார். உலகெங்கும் சிதறிய ஹ்மோங் மக்கள் இன்று தம் உறவினருக்கு எழுதுவது பெரும்பாலும் அந்த எழுத்தில்தான். அதே சபையின் இளங்குரு மாரியோ போர்சாகாவும், ஹ்மோங் இளைஞரான வேதியர் பால் தோஜ் சியோங்கும் 1960-இல் லாவோஸ் மலைச் சிற்றூர்களுக்குச் சென்ற பயணத்தில் கொல்லப்பட்டனர். குருவுக்கு வயது 27, வேதியருக்கு 19. இருவரும் 2016 திசம்பர் 11-ஆம் நாள் வியஞ்சானில், லாவோசின் ஏனைய மறைசாட்சிகளோடு அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர். பீடத்தில் வணங்கப்படும் பெயர்களுள் ஒரு ஹ்மோங் பெயரும் உண்டு என்பதை நாம் நினைவில் கொள்வது நலம்.

விருந்தினரின் கடன்

இன்று மியாவோ நாட்டுக்கு வருவோர் படையோடு வருவதில்லை. நிழற்படக் கருவியோடு வருகின்றனர். 2008-இல் மாகாணச் சுற்றுலா மாநாடு நடைபெற்ற பின் சிஜியாங் பெரும் சுற்றுலாத் தலமாயிற்று. நுழைவுச்சீட்டு, விடுதிகள், குறித்த நேரத்து ஆடல்கள், இரவில் மலையெங்கும் விளக்குகள் என அதன் முகம் மாறியது. இதை வெறுமனே பழிப்பது முறையாகாது. வேலை தேடிக் குவாங்தோங் தொழிற்சாலைகளுக்குச் சென்ற இளைஞர்கள், பெற்றோரிடம் பிள்ளைகளை விட்டுப் பிரிந்த துயரத்தை எண்ணினால், சொந்த ஊரில் கிடைக்கும் வருவாய் சிறிதன்று. நுழைவுச்சீட்டு வருவாயின் ஒரு பங்கு பழைய வீடுகளைக் காப்போருக்கும் சேர்கிறது. 2006-இல் மியாவோ பூந்தையல், மெழுகுச் சாயத் துணி, வெள்ளி வேலை, பழம்பாடல்கள் முதலியன சீன நாட்டின் மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றன.

ஆயினும் இழப்பும் உண்டு. கடந்த பல பத்தாண்டுகளில் வணிகர்கள் ஊர் ஊராய்ச் சென்று பாட்டிமாரின் பெட்டிகளிலிருந்த பழைய ஆடைகளை விலைக்கு வாங்கிச் சென்றனர். பல ஊர்களின் சிறந்த கைவேலை இன்று தொலைவிலுள்ள அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அதன் கோலத்துக்குப் பொருள் சொல்லத் தெரிந்தவர்களோ ஊரில் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். எந்திரத் தையல் உருவத்தைத் தரும். தாய் மகளுக்குச் சொன்ன விளக்கத்தைத் தராது.

லாங்தே ஊரார் இதற்கு ஒரு வழி கண்டனர். விருந்தினருக்காக ஆடுவது ஊரின் பொதுவேலை என வகுத்து, விழா உடையில் வந்து நிற்கும் முதியோருக்கும் சிறுவர்க்கும்கூடப் புள்ளி வழங்கி, வருவாயை அப்புள்ளிகளின்படி பகிர்ந்துகொள்ளும் முறையைப் பல ஆண்டுகள் நடத்தினர். சிலர் மட்டும் செல்வராவதைவிட ஊர் ஊராகவே நிலைப்பது மேல் என்பது அவர்கள் கருத்து. குய்சோவின் மேற்கே, முன்னோரின் முடியைச் சேர்த்து மரக்கொம்பில் சுற்றி அணியும் மியாவோ பிரிவினர் வாழும் சுவோகாவில், 1998-இல் நார்வே நாட்டின் துணையோடு, ஊரையே அருங்காட்சியகமாகக் கொள்ளும் அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. பண்பாட்டின் உரிமையாளர் அவ்வூராரே. அதற்கு விளக்கம் கூறும் உரிமையும் அவர்களுடையதே என்பது அதற்கென வகுத்த நெறிகளுள் முதன்மையானது. நெறியை எழுதுவது எளிது, நடைமுறை கடினம் என்பதும் அங்கே தெரிந்தது. எனினும் நெறி செம்மையானது.

ஊர் வாயிலில் நம்மை மறித்து, எருமைக் கொம்பில் அரிசி மதுவை ஊட்டி, அதன் பின்னரே உள்ளே விடுவது மியாவோ வழக்கம். இருபுறமும் புரிந்து நடக்கவேண்டிய ஓர் உடன்படிக்கை அது. அவர்கள் தம் சோற்றையும் பாட்டையும் தருகின்றனர். நாம் தரவேண்டியது காசு மட்டுமன்று, கவனமும் ஆகும். பாவாடையின் ஓரத்தில் ஓடும் அந்தக் கோடு என்ன என்று கேட்டு, சொல்லும் முதியவளின் சொல் முடியும்வரை காத்திருப்பவரே அவ்வூரின் உண்மையான விருந்தினர். எழுதப்படாத வரலாறு, கேட்பதற்கு ஒருவர் இருக்கும் வரையில் உயிரோடிருக்கும்.